முட்டு வேண்டாம் என்றேன்

எங்கள் வீட்டுச் சமையலறை மேடை உடைந்த கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிவைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் "கல்லே மட்டமான கல்" என்றேன். தெருவில் கேட்டவர்களிடம் "மேஸ்திரி சரியில்லை" என்றேன். மாமனார் வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே பழியை வேறொருவர் தானாகவே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. மூன்றிலும் உண்மை கிடையாது.

மதுரையில் அப்பா கட்டிய வீடு. அந்தக் காலத்து வழக்கப்படி சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே கனமான சுவர். அதை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கவேண்டும் என்பது என் ஆசை. மனைவி கேட்டது இரண்டே இரண்டு: குக்கர் உள்ளே இறங்கும் அளவுக்கு ஆழமான சிங்க், ஒழுங்காக ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன். பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்தது என் கைபேசி வழியாகத்தான். ஏதோ ஒரு அமெரிக்க வீட்டின் படம். வெள்ளைக் கல், உயரமான மூன்று ஸ்டூல், மேலே தொங்கும் மூன்று விளக்குகள். கல் மேடையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். கீழே காலும் கிடையாது, தாங்கியும் கிடையாது. அந்தக் 'கீழே ஒன்றுமில்லாமல் இருப்பது'தான் எனக்குப் பிடித்துப்போனது. இவள் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஸ்டூல்ல ஏறி உட்கார்ந்தா இட்லி சாப்பிடப் போறோம்?" என்றாள். எங்கள் வீட்டில் இட்லி சாப்பிடுவது டிவி முன்னால், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. அந்தக் கேள்விக்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை.

கல் பார்க்கப் போனபோது காஷ்மீர் ஒயிட்டைத் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் கலந்த வெள்ளையில் ஆங்காங்கே செம்புள்ளி. காஷ்மீரிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறதே என்று நான் வியந்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டார். நம் மதுரைப் பக்கத்துக் குவாரிக் கல்தான் சார் அது என்றார். தடிமன் 18 மில்லிமீட்டர். கடையில் கற்களெல்லாம் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்தபோதும் வண்டியிலிருந்து நிமிர்த்தியே இறக்கி, நிமிர்த்தியே நடத்திக்கொண்டு வந்தார்கள். கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினால் அதன் சொந்தக் கனமே அதை ஒடித்துவிடும் என்பது அந்தச் சுமைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்று "சுவர்ல இடிக்காம, சுவர்ல இடிக்காம" என்று கத்திக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

மேடைக்கு அடியில் மூன்று அங்குலக் கான்கிரீட் தளம். அதன் அகலம் 22 அங்குலம். மேலே போடுகிற கிரானைட்டின் அகலம் 36. மிச்சம் 14 அங்குலம் ஹால் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டூலில் உட்காருகிறவரின் முழங்கால் இடிக்கக்கூடாது என்று நானே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அளந்து சொன்ன கணக்கு அது.

மேஸ்திரி என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். டேப்பை இழுத்துப் பார்த்தார், சுருட்டினார், மறுபடியும் இழுத்தார்.

"சார், கான்கிரீட்டு இதோட முடியுது. இதுக்கு மேல கல்லு மட்டும்தான். பதினாலு அங்குலம் அந்தரத்துல நிக்கும்."

"நிக்கட்டுமே."

"ரெண்டு எடத்துல முட்டு குடுத்துருவோம் சார். கடப்பாக்கல்லுல சின்னதா ஒரு கால். இல்லேன்னா இரும்பு ஆங்கிள். பெயின்ட் அடிச்சுட்டா பெருசா தெரியாது."

நான் கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினேன். "இதுல முட்டு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

அவர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு கைபேசியைக் கொஞ்சம் சாய்த்து, கல்லுக்கு அடியில் எட்டிப் பார்ப்பவர் போலத் தலையையும் சாய்த்தார். "தெரியலையே சார்" என்றார்.

"தெரியலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

பேசாமல் நின்றார். நான் வரலாற்று ஆசிரியர். மடக்கிவிட்டோம் என்று தெரிந்ததும் இன்னும் ஒரு போடு போடுவது தொழில் பழக்கம். "கிரானைட்டுங்க இது. தஞ்சாவூர் பெரிய கோயிலே கிரானைட்தான். 1010-ல கட்டி முடிச்சது. இன்னைக்கும் நிக்குதா இல்லையா?"

"அது ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்திருக்கு சார்" என்றார். அப்புறம், "உங்க இஷ்டம்" என்று டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்ன முதல் வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை. இரண்டாவதை மட்டும் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

விளிம்பு கனமாகத் தெரியவேண்டும் என்று டபுள் மோல்டிங் கேட்டிருந்தேன். இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கல்லின் ஓரத்துக்கு அடியில் இரண்டு அங்குல அகலத்தில் அதே கல்லின் துண்டு ஒன்றை அரால்டைட் வைத்து ஒட்டி, இரண்டையும் சேர்த்து வளைவாக இழைத்துவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றரை அங்குலக் கல் மாதிரி கம்பீரமாக இருக்கும். உள்ளே அதே 18 மில்லிமீட்டர்தான். பலம் எங்கே வேண்டுமோ அங்கே ஒன்றும் கூடுவதில்லை. தொங்குகிற நுனியில் கனம் மட்டும் கூடுகிறது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்து "நல்ல மொத்தமான கல்லு" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். கொஞ்ச நாளில் எனக்கே அது மொத்தமான கல்லாகத்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கவுண்டரில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. செய்தித்தாள், கரண்டு பில், திருத்தவேண்டிய விடைத்தாள், அயர்ன் பண்ணவேண்டிய துணி எல்லாம் அங்கே குடியேறின. ஹால் பக்கம் போகிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். அவ்வளவுதான் அதன் உபயோகம்.

அப்புறம் ஒரு நாள், "இங்க ஒரு மஞ்சக்கோடு விழுந்திருக்கு, தேய்ச்சாலும் போகமாட்டேங்குது" என்றாள் இவள். போய்ப் பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு, ஒரு சாண் நீளம், கவுண்டரின் நீளவாக்கில் நேராகப் போயிற்று. மஞ்சள்தூள் கையோடு மேடையைத் துடைத்த தண்ணீர் அதில் இறங்கியிருக்கிறது.

"அது கல்லோட நரம்பு. இயற்கையான கல்லுன்னா அப்படித்தான் இருக்கும்."

"போட்டப்போ இல்லையே."

"இருந்திருக்கும். மஞ்சள் பட்டதும் தெரியுது."

அவள் கோட்டின் குறுக்கே நகத்தை வைத்து இழுத்தாள். "நகம் தட்டுதுங்க."

நானும் நகத்தை வைத்து இழுத்தேன். தட்டியது. "பாலிஷ் சரியா போடலை" என்றேன்.

கல்லிலேயே உள்ள ரேகை என்றால் மேலே பாலிஷ் ஓடியிருக்கும், நகத்துக்குப் பெரும்பாலும் அகப்படாது. வெடிப்பு என்றால் நகம் இடறும். இதைக் கல் வேலை செய்கிற எந்தப் பையனும் சொல்வான். இவள் யாரும் சொல்லாமலே நகத்தை வைத்துப் பார்த்தாள். பதில் வைத்திருந்தவன் நான். கோடு மெதுவாக இரண்டு பக்கமும் வளர்ந்தது. அவள் சபீனா போட்டுத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். என்னிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

பெரிய மாமா (மனைவியின் பெரியப்பா) ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. வீட்டில் அந்த ஸ்டூலில் விரும்பி உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். "மாப்ள, ஓட்டல்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று காபியும் வடையுமாக ரசித்துச் சாப்பிட்டார். உயரமான ஸ்டூலிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிறதைத்தான் அவரும் செய்தார்: இரண்டு கையையும் கல்லின் விளிம்பில் ஊன்றி எழுந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. கல் உடைவது இடி மாதிரி கேட்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த விறகு முறிகிற மாதிரிதான் கேட்டது. மேடையின் நடுவில் நான்கடி நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே முன்பக்கம் மடிந்து போயிற்று. ஸ்டூல் ஒன்று நசுங்கியது. மாமா கல்லோடு சேர்ந்து முன்னால் சரிந்து, பக்கவாட்டில் கையை ஊன்றி விழுந்தார். காலில் கல் விழவில்லை. விழுந்த துண்டு இருபத்தைந்து கிலோவாவது இருக்கும். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு; மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "என் கனத்துக்கு அதுல ஏறி உட்கார்ந்திருக்கவே கூடாது மாப்ள. ஆசையா கட்டுன மேடைய ஒடச்சுப்புட்டேன்." நான் அவர் தோளில் கைவைத்து, "பரவாயில்லை மாமா, கல்லு என்ன கல்லு, இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அப்போது அவர் எங்கள் வீட்டு மாடியில் பாத்ரூம் வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். மறுநாள் காலையில் வந்து, உடைந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்."

"சொன்னாப் போதுமா? தெரிஞ்சே எதுக்குய்யா போட்ட? நீதானே மேஸ்திரி? ஒரு பெரிய மனுசன் கைய ஒடச்சுக்கிட்டுக் கெடக்காரு."

அவர் திரும்ப ஒன்றும் சொல்லவில்லை. கரணை, மட்டப்பலகையெல்லாம் ஒரு சிமெண்ட் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தரவேண்டிய பாக்கியில் கல்லுக்கான காசைப் பிடித்துக்கொண்டேன், பன்னிரண்டாயிரம் ரூபாய். பிறகு இரண்டு மூன்று முறை போன் வந்தது, எடுக்கவில்லை. அதோடு விட்டேனா? பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். வேலையை இந்த மேஸ்திரியிடம் கொடுப்பதாக இருந்தார். அவர் என்னிடம் விசாரித்தார். நான் அவரை வீட்டுக்குள் அழைத்துவந்து உடைந்த மேடையைக் காட்டினேன். வாயால்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

உண்மை வெளியானது பள்ளியின் ஆசிரியர் அறையில், மதிய இடைவேளையில். சோற்றைப் பிசைந்துகொண்டே மட்டமான கல்லைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். பிசிக்ஸ் சார் என்னைவிட இளையவர், எதையும் படம் போடாமல் பேசமாட்டார். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் கோடு இழுத்தார். ஒரு கட்டம், அது கான்கிரீட். அதன்மேல் நீண்ட ஒரு பட்டை, அது கல். பட்டை கட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது.

"சார், வெடிப்பு மொதல்ல மேல் பக்கமா தெரிஞ்சதா, அடியிலயா?"

"மேல. மஞ்சக்கோடு மாதிரி."

"கான்கிரீட் விளிம்புக்கு நேர் மேலயா?"

நான் யோசித்ததே இல்லை. உடைந்த கல்லின் மிச்சம் மேடையில் எப்படி நிற்கிறது என்று மனசுக்குள் பார்த்தேன். கான்கிரீட் எங்கே முடிகிறதோ, கல்லும் கத்தியால் வெட்டியதுபோல அங்கேயே முடிந்திருந்தது. "ஆமா" என்றேன்.

மேசையில் கிடந்த முழு சாக்பீஸ் ஒன்றை எடுத்துப் படுக்கவைத்து, அதன்மேல் கட்டைவிரலை வைத்து உடம்பின் பாரம் முழுக்க அழுத்தினார். சாக்பீஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையே மேசையின் விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்து, உள் பாதியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, வெளி நுனியைச் சுண்டுவிரலால் தொட்டார். தொட்டார் என்றுதான் சொல்லவேண்டும். பட்டென்று முறிந்தது, மேசை விளிம்புக்கு நேராக.

"அழுத்துனா தாங்கும் சார், இழுத்தா தாங்காது. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறதோட நுனியில பாரம் விழுந்தா மேல்தோல் இழுபடும். விளிம்புக்கு நேர் மேலதான் இழுப்பு அதிகம். அங்கதான் மொதல்ல விடும்." கிரானைட்டை நசுக்கவேண்டுமானால் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் அழுத்தவேண்டுமாம். வளைத்து ஒடிக்க அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போதுமாம். கல்லுக்குக் கல் மாறும். 80, 100 கிலோவிலேயே விட்டுவிடுகிற கற்களும் உண்டு.

"நீங்கதானே சார் கோயில் டூர்ல போதிகை போதிகைன்னு பாடம் எடுப்பீங்க? தூணுக்கு மேல ரெண்டு பக்கமும் கை நீட்டுன மாதிரி ஒரு கல்லு இருக்குமே. அது எதுக்கு?"

வருடா வருடம் அந்தப் பாடத்தை எடுக்கிறவன் நான். பல்லவர் காலத்துப் போதிகையில் அலை அலையாக வளைவு இருக்கும். சோழர் காலத்தில் சரிவாக வெட்டிய முனை. நாயக்கர் காலம் வந்தால் வாழைப்பூ மாதிரி, தாமரை மொட்டு மாதிரி தொங்கும். போதிகையைப் பார்த்தே கோயிலின் காலத்தைச் சொல்லலாம் என்று மாணவர்களை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் நிறுத்திவைத்து மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒரு பையனும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. உத்தரக் கல்லுக்குக் கொடுத்த முட்டு அது. தூணுக்குத் தூண் அந்தரத்தில் நிற்கிற நீளத்தை இரண்டு பக்கமும் குறைப்பதற்காக வைத்தது. அப்படியும் போதாது என்றுதான் அத்தனை தூண்களை அவ்வளவு நெருக்கமாக நட்டிருக்கிறார்கள்.

அது ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்திருக்கு சார்.

"ஆனா ஒண்ணு இடிக்குது" என்றார் பிசிக்ஸ் சார். "மாமா ஊன்றினப்போ ஒடஞ்சிருச்சு, சரி. கோடு பல மாசமா இருந்துச்சுன்னு சொல்றீங்க. அப்போ அதுக்கு முன்னாடியே ஒரு பெரிய பாரம் ஏறியிருக்கணும். யாராவது அது மேல ஏறுனாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கவுண்டருக்கு மேலே தொங்குகிற மூன்று விளக்குகளில் நடுவிலுள்ளது ஒரு ராத்திரி எரியவில்லை. ஏணி மொட்டை மாடியில் கிடந்தது. யார் போய் எடுப்பது? ஸ்டூலில் கால் வைத்து ஏறி, கவுண்டரின் மேல் மண்டியிட்டேன். விளக்குகள் தொங்குவது நீட்டிய பகுதிக்கு நேர் மேலே, ஆகவே விளிம்பை ஒட்டித்தான் முழங்காலை ஊன்றமுடிந்தது. பல்பைக் கழற்றிப் புதியதைத் திருகும்போது முழங்காலுக்குப் பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஹோல்டரில் பல்பு உட்கார்ந்த சத்தம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா? சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை.

"நான்தான் ஏறினேன்" என்றேன்.

அவர் தலை நிமிராமல், "எவ்வளவு வெயிட் சார் நீங்க?" என்றார்.

"எழுபத்தெட்டு."

78 என்று எழுதினார். 14 அங்குலம், 18 மில்லிமீட்டர். பாரம் ஓர் இரண்டடி அகலத்துக்குப் பரவும் என்று வைத்துக்கொண்டார். கல்லின் சொந்தக் கனத்தையும், நான் அழகுக்காகக் கேட்டு வாங்கிய டபுள் மோல்டிங்கின் கனத்தையும் சேர்த்தார். சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோவைத் தாண்டியது. கணக்குக்கு அடியில் கோடு போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார். மணி அடித்தது. அடுத்த வகுப்பில் நான் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

பிறகு தேடிப் படித்ததில் இன்னும் கொஞ்சம் விளங்கியது. அமெரிக்காவில் கல் தொழில்காரர்களுக்கான அமைப்பு நேச்சுரல் ஸ்டோன் இன்ஸ்டிடியூட். அவர்களுடைய கணக்கில் 2 சென்டிமீட்டர் கல்லைத் தாங்கி இல்லாமல் 6 அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது. 3 சென்டிமீட்டர் கல்லை 10 அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது. எதுவானாலும் கல்லின் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அந்த ஊரில் மேடைக்குப் பெரும்பாலும் போடுவது 3 சென்டிமீட்டர் கல். அதே ஊர்க்காரர்கள், சமையல் மேடை உயரத்தில் வசதியாக உட்கார முழங்காலுக்கு 15 அங்குலம் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கல் கொடுப்பது 6 அல்லது 10, கால் கேட்பது 15. நடுவில் உள்ள வித்தியாசத்தை இரும்பு தாங்குகிறது. மேடைக்குள்ளேயே பட்டை இரும்பைப் பதித்து அதன்மேல் கல்லை வைத்துவிடுகிறார்கள். முன்னால் நின்று படம் எடுத்தால் தெரியாது. மேஸ்திரி கைபேசியைச் சாய்த்துத் தேடியது அதைத்தான்.

"தெரிஞ்சே எதுக்குய்யா போட்ட" என்று நான் கேட்டதில் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது என்று பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பிசிக்ஸ் சாரிடமும் அதைச் சொன்னேன். "அவர் போடமாட்டேன்னா நீங்க என்ன சார் பண்ணியிருப்பீங்க? மறுநாளே வேற ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பீங்க" என்றார். உண்மைதான். கூட்டிவந்திருப்பேன்.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். இந்த முறை அவர் எடுக்கவில்லை. நடந்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். பல்பு மாற்றப்போனதையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. சாயங்காலம் ஒரு வரி வந்தது: "இதே நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க சார்." பன்னிரண்டாயிரத்தையும், பாதியில் நின்ற பாத்ரூம் வேலைக்கு உண்டானதையும் அனுப்பினேன். "வந்துருச்சு" என்று பதில் வந்தது. அதற்குமேல் அவர் எழுதவில்லை, எழுதவேண்டிய கடனும் அவருக்கு இல்லை. தாசில்தாரிடமும் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் வீடு வேறொரு மேஸ்திரி கையில் ரூஃப் கான்கிரீட் வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

பெரிய மாமாவிடம் சொல்லப்போனபோதுதான் அங்கே நடந்திருந்த இன்னொரு சேதம் தெரிந்தது. கல்லை உடைத்த கனம் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து அவரைப் பத்தியத்தில் போட்டிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு சப்பாத்தி, காபியில் சர்க்கரை கிடையாது, வடை அறவே கிடையாது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, உள்பக்கம் திரும்பி, "ஏய், கேட்டியா? ஒடச்சது நான் இல்லையாம்!" என்று கத்தினார். உள்ளேயிருந்து, "அதுக்காக வடையெல்லாம் கிடையாது" என்று பதில் வந்தது. என்மேல் அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுபடி மேடை போட வந்த இன்டீரியர்காரர் இளைஞர். கல்லுக்கு அடியில் முழுக்க 18 மில்லிமீட்டர் பிளைவுட் கொடுத்துவிட்டால் போதும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போதெல்லாம் நான் எதையும் பிசிக்ஸ் சாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வதில்லை. பிளைவுட் வளைந்துகொடுக்கும், கல் வளையாது; பிளைவுட் நன்றாக வளைந்து பாரத்தைத் தான் வாங்கிக்கொள்வதற்குள் கல் விட்டுவிடும், தாங்கி என்றால் கல்லைவிட விறைப்பாக இருக்கவேண்டும் என்றார். ஆகவே வெல்டர் வந்தார். இரண்டு அங்குல அகலம், 12 மில்லிமீட்டர் கனத்தில் பட்டை இரும்பு. ரெட் ஆக்சைடு அடித்து, ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம், கான்கிரீட்டில் காடி வெட்டிப் பதித்து, பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கினோம். பட்டைகள் கல்லின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் முன்னால் நின்றுவிடும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். நீட்டலையும் 10 அங்குலமாகக் குறைத்துவிட்டேன். டபுள் மோல்டிங் வேண்டாம் என்றேன். உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது. யாரும் உட்காருவதில்லை என்பதால் தொந்தரவு இல்லை. கல், இரும்பு, கூலி எல்லாமாகச் சேர்த்து முதல் தடவை ஆனதைவிடக் கூடுதல். மேஸ்திரி சொன்ன இரண்டு ஆங்கிள் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும்.

நடுவிளக்கு மறுபடியும் போய்விட்டது. ஏணியை எடுத்துவந்துதான் மாற்றினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி நீட்டிக்கொண்டு நிற்கிற மேடை இருந்தால், இன்றைக்கே அதன் அடியில் கையை விட்டுப் பாருங்கள். விளிம்பின் கனத்தை நம்பாதீர்கள். மோல்டிங்குக்கு உள்ளே தள்ளி, கல்லின் உண்மையான கனத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். 18 மில்லிமீட்டர் கல், 6 அங்குலத்துக்கு மேல் நீட்டல், கைக்கு இரும்பு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் வெல்டரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அதற்கடியில் குழந்தைகளை உட்காரவிடாதீர்கள்.